கதை தெரிந்த பிறகு படத்தில் என்ன மிச்சம்?

உங்கள் அப்பா ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை எத்தனையாவது முறை என்று கணக்கில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்களோ வாரத்துக்கு இரண்டு புதுப்படம் பார்க்கிறீர்கள், மறுவாரம் கதைகூட நினைவில் இருப்பதில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கத் தகுந்த படங்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா, இல்லை அது வயதானவர்களின் பழக்கம் மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே சில படங்களின் பெயர்களையும் கேட்டிருக்கிறீர்கள். பெயர்களைச் சொல்வது எளிது. ஆனால் உங்கள் கேள்வியின் உள்ளே வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. கதை முழுவதும் தெரிந்துவிட்ட பிறகு ஒரு படத்தில் பார்ப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அதுதான்.

நான் 1986 முதல் 2012 வரை திண்டுக்கல் பக்கத்து ஊர் ஒன்றில் திரையரங்க ஆபரேட்டராக வேலை பார்த்தவன். சினிமா படித்தவன் அல்லன். ஆனால் ஒரே படத்தை நாளுக்கு மூன்று காட்சி, விடுமுறை நாளில் நான்கு காட்சி என்று பார்த்தாக வேண்டிய வேலை அது. ஐம்பது நாள் ஓடிய படத்தை நூற்றைம்பது முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். விருப்பப்பட்டுப் பார்ப்பவருக்கு அலுத்தால் எழுந்து போய்விடலாம். எனக்கு அந்த வழி இல்லை. அதனால் எந்தப் படம் எத்தனையாவது நாளில் செத்துப்போகிறது, எது சாவதே இல்லை என்பது எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகவே தெரியும்.

எப்படிப் பார்த்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 90 அடி பிலிம் ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் பதின்மூவாயிரம் அடிக்கு மேல். அதை ஒரே சுருளாக ஓட்ட முடியாது. இரண்டு ப்ரொஜெக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் ரீல் முடியும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி கண் சிமிட்டும் நேரம் தோன்றி மறையும். அதைப் பார்த்ததும் அடுத்த இயந்திரத்தின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு நொடியில் இரண்டாவது புள்ளி. அப்போது மாற்றிவிட வேண்டும். தவறவிட்டால் திரை வெள்ளையாகும், கீழே விசில் பறக்கும். இடையில் கார்பன் குச்சிகள் எரிந்து தேயத் தேய அவற்றை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் மங்கும். ஆகவே சுவரில் வெட்டிய சின்னச் சதுரத் துவாரம் வழியாக, விட்டுவிட்டுப் பார்த்த பார்வைதான் எங்களுடையது. கேபினுக்குள் ஒரு ஒலிபெருக்கி உண்டு. இயந்திரத்தின் இரைச்சலில் அது பாதி கேட்காது. முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்ற மூலைக்குப் போனால், முதுகுக்குப் பின்னால் படம் ஓடும், காதில் மட்டும் விழும்.

இந்த இரண்டு இடங்களும் எனக்கு இரண்டு உரைகற்களாக ஆயின. துவாரத்தில் நின்றால் ஒலி குறைந்த படம். மூலையில் நின்றால் படம் இல்லாத ஒலி. பெரும்பாலான படங்கள் இரண்டாவது வாரத்திலேயே இரண்டு இடத்திலும் செத்துவிடும். சில படங்கள் துவாரத்தில் உயிரோடிருக்கும், மூலையில் இருக்காது. சில அதற்கு நேர்மாறு. இரண்டிலும் உயிரோடிருந்த படங்களை என் இரு கைகளின் விரல்களுக்குள் அடக்கிவிடலாம்.

முதலில் செத்துப்போவது எது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ‘அடுத்து என்ன நடக்கும்’ என்பதை மட்டுமே நம்பி எடுத்த படம். கொலை செய்தது யார் என்று தெரிந்த மறுகணம் அதற்குள் ஒன்றும் இருக்காது. மூன்றாம் நாள் முதல் கேபினில் நாங்கள் கார்பனை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்போம். இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது. 1954இல் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’. இதை நான் கேபினில் ஓட்டியதில்லை, தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். பாட்டே இல்லாத படம். சிவாஜி முதல் காட்சியிலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார். யார் சுட்டது என்று ஜாவர் சீதாராமன் விசாரித்துக்கொண்டே போகிறார். எழுபது ஆண்டு கடந்த படம் என்பதால் முடிவைச் சொல்கிறேன். பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். சுட்டது மனைவி உஷாவாக வரும் பண்டரிபாய். முதல் முறை பார்க்கும்போது உங்கள் கண் ஒவ்வொரு சந்தேக மனிதரையும் துரத்தும். இரண்டாம் முறை ஒருவரைக்கூடத் துரத்தாது, பண்டரிபாயின் முகத்திலேயே நிற்கும். முதல் முறை வெறும் துக்கமாகத் தெரிந்த முகம், இரண்டாம் முறை எதிரிக்குத் தேசத்தைக் காட்டிக்கொடுத்த கணவனைத் தேசத்துக்காக இழந்த துக்கத்தையும், அந்த இழப்புக்குத் தானே காரணம் என்ற பாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கும். படம் அதேதான். ஆனால் முதல் முறை நீங்கள் பார்த்தது அதில் பாதியைத்தான்.

இங்கிருந்துதான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது. முதல் முறை பார்க்கும்போது நம் கண் பேசுபவரைப் பார்க்கும். அது இயல்பு, கதை அவரிடம்தான் இருக்கிறது. கதை தெரிந்துவிட்டால் கண்ணுக்கு விடுதலை கிடைக்கிறது. அது மெல்லப் பேசாதவர் பக்கம் திரும்புகிறது. கேட்டுக்கொண்டிருப்பவர், ஓரத்தில் நிற்பவர், காப்பி டம்ளரை ஏந்திக்கொண்டு வருபவர். அவர்கள் முகத்தில் ஏதாவது நடந்துகொண்டிருந்தால் அந்தப் படத்தை ஆயுள் முழுவதும் பார்க்கலாம். அவர்கள் தங்கள் வசனத்தின் முறை வருவதற்காகக் காத்து நின்றால், அந்தப் படம் உங்களுக்கு ஒரு முறைக்கு மட்டும்தான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டி.எஸ். பாலையா. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ 1964இல் வந்த படம். எங்கள் அரங்குக்கு அது மறு வெளியீடாகப் பல முறை வந்திருக்கிறது. புதுப்படம் கிடைக்காத வாரத்தில் அந்தப் பெட்டியைத்தான் எடுப்பார்கள். ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ நடத்தும் மகன் செல்லப்பாவாக நாகேஷ், பணக்காரத் தந்தையாக பாலையா. மகன் தந்தைக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைத் தெரியாத தமிழர் குறைவு. அந்தக் காட்சியின் சிரிப்பு முழுவதும் நாகேஷுடையது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பத்து இருபது முறை துவாரம் வழியே, வசனம் சரியாகக் கேட்காத நிலையில் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாகேஷ் எழுப்பும் ஒவ்வொரு ஓசைக்கும் பாலையாவின் முகம் ஒரு பதில் சொல்கிறது. முதலில் மகன் மீதுள்ள எரிச்சல், பிறகு கொஞ்சம் ஆர்வம், பிறகு அதை மறைக்கும் முயற்சி, பிறகு உண்மையான பயம். அவர் பயந்த பிறகுதான் அரங்கம் முழுமையாகச் சிரிக்கிறது. நாகேஷின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அவருடைய உடலின் வேகம் யாருக்கும் வராது. ஆனால் அந்தக் காட்சி நூறு முறை தாங்குவதற்குக் காரணம் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த மனிதர்.

அதே பாலையாவை உங்கள் அப்பாவின் படத்தில் பாருங்கள். ஏ.பி. நாகராஜன் 1968இல் எடுத்த ‘தில்லானா மோகனாம்பாள்’, கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடரிலிருந்து வந்தது. ‘நலந்தானா’ பாட்டு. காயம்பட்டு மீண்ட சண்முகசுந்தரம் நாகஸ்வரத்தோடு அமர்ந்திருக்கிறார். ஆடிக்கொண்டிருக்கும் மோகனா, சபைக்கு நடுவே யாருக்கும் தெரியாமல் நலம் விசாரிக்கிறாள். கண்ணதாசனின் வரிகள், கே.வி. மகாதேவனின் இசை, பி. சுசீலாவின் குரல். நாகஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. முதல் பத்து முறை பத்மினியைப் பார்ப்போம். அடுத்த பத்து முறை சிவாஜியின் கண்களையும், வாசிப்பவரின் கழுத்தில் புடைக்க வேண்டிய நரம்பு அவர் கழுத்தில் அப்படியே புடைப்பதையும் பார்ப்போம். அதற்குப் பிறகுதான் தவிலோடு பக்கத்தில் இருக்கும் பாலையா கண்ணில் படுவார். அவள் கேட்பது என்ன என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. இவன் தவிப்பதும் புரிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே தாளம் தவறாமல் தவிலை அடித்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேருக்குள் நடக்கும் காதலை மூன்றாவது மனிதரின் முகத்தில் பார்க்க முடியும் என்று எனக்குக் காட்டிய காட்சி அது. இன்று எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. உங்கள் அப்பா எதற்காக மறுபடி மறுபடி அந்தப் படத்தின் முன்னால் உட்காருகிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

துவாரத்தின் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிய படம் மகேந்திரனின் முதல் படமான ‘முள்ளும் மலரும்’. 1978இல் வந்தது, பாலுமகேந்திரா ஒளிப்பதிவு. உமாசந்திரன் எழுதிய நாவல்தான் மூலம். வின்ச் என்னும் இழுவை இயந்திரத்தை இயக்கும் காளியாக ரஜினி, தங்கை வள்ளியாக ஷோபா, பொறியாளராக சரத்பாபு. இதில் வசனம் குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். வசனம் இருக்கும் இடத்திலும் அது தேவைப்படுவதில்லை என்பது என் அனுபவம். முடிவில் ஊர் முழுவதும் ஒரு பக்கம் போகிறது, தங்கையும் அந்தக் கூட்டத்தில் போகிறாள். காளி தனியாக நிற்கிறான். அவள் எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். அதற்குப் பிறகு அந்த முறைப்பான மனிதன் முகத்தில் நடப்பதை, கார்பன் வெளிச்சத்தைச் சரிசெய்யும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறேன். தங்கையைத் தானே அழைத்துக்கொண்டு போய்ப் பொறியாளரிடம் ஒப்படைக்கிறான். அப்போதும், உங்களை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்று அவரிடமே சொல்லிவிடுகிறான். மனம் மாறிவிட்டான் என்று காட்டியிருந்தால் அது ஒரு முறை பார்க்கும் படமாகியிருக்கும். மாறாமலே விட்டுக்கொடுக்கிறான். அந்த முடிச்சு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இறுகுகிறது.

மூலையின் சோதனையில், அதாவது காதுக்கு மட்டும், ‘மைக்கேல் மதன காமராஜன்’. 1990, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம், நான்கு வேடத்தில் கமல். இந்தப் படத்தை அரங்கில் ஒரு முறை பார்த்தவர் உண்மையில் பாதி வசனத்தைக் கேட்டிருக்கவே மாட்டார். ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த இரண்டு வசனங்கள் ஓடிவிடும். பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரனின் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் கல்யாணக் காட்சியில், நான் ரீல் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு காட்சியிலும் ஒரு புது வார்த்தையைப் பிடித்தேன். எழுதும்போதே மறுபடி வருபவருக்காகவும் ஏதோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நகைச்சுவைப் படங்களில் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு.

தமிழுக்கு வெளியே ஒரே ஒரு படத்தைச் சொல்கிறேன். வெளிநாட்டுப் படங்கள் எனக்குக் குறைவாகத்தான் தெரியும். மதுரையில் ஒரு திரைப்படச் சங்கத்தில் மாதம் ஒரு முறை போய்ப் பார்த்ததுதான். யசுஜிரோ ஓசு 1953இல் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’. ஓனோமிச்சி என்னும் ஊரிலிருந்து வயதான தம்பதி டோக்கியோவிலிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. செலவு செய்து ஒரு வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே இரவெல்லாம் கூச்சல், தூங்க முடியாமல் திரும்பிவிடுகிறார்கள். மகன் போரில் இறந்த பிறகும் மருமகள் நோரிகோ ஒருத்திதான் அவர்களை மனம் வைத்துக் கவனிக்கிறாள். கேமரா பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் இருக்கிறது, ஏறக்குறைய அசைவதே இல்லை. முதல் முறை பார்த்தபோது அழகு நிலையம் நடத்தும் மூத்த மகள் ஷிகே மீது எனக்கு அப்படி ஒரு கோபம். தாய் இறந்ததும் எல்லோருக்கும் முன்னால் வாய்விட்டு அழுபவள் அவள். சடங்கு முடிந்த சற்று நேரத்தில் அம்மாவின் ஆடைகளில் தனக்கு எது வேண்டும் என்று கேட்பவளும் அவள். பொய் அழுகை என்று தீர்மானித்துவிட்டேன்.

பிறகு என் அம்மா நோயோடு என் வீட்டில் சில மாதங்கள் இருந்தார். மாட்னிக்கு நேரமாகிறது என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மாத்திரை கொடுத்தேன். அவர் ஏதோ சொல்ல வந்தபோது இரவு வந்து கேட்கிறேன் என்று கிளம்பினேன். அவர் போன பிறகு அவருடைய பித்தளைச் செம்பு எனக்கு வேண்டும் என்று அக்காவிடம் நானே கேட்டேன். அழுததும் உண்மை, கேட்டதும் உண்மை. அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்த்தபோது ஷிகேயை என்னால் வெறுக்க முடியவில்லை. ஓசு அவளை ஒருபோதும் கெட்டவளாகக் காட்டவே இல்லை என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. கெட்டவள் என்று தீர்மானித்தவன் நான்.

இதுவரை சொன்னவற்றை உறுதியாகச் சொல்வேன். இனி வருவது என் ஊகம். நிறைய நாள் ஓடிய படமெல்லாம் திரும்பப் பார்க்கத் தகுந்த படமா? 1944இல் வந்த தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. மும்பை மராத்தா மந்திர் அரங்கில் ஷாருக் கானின் ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ 1995 முதல் பல்லாண்டுகளாகக் காலைக் காட்சியாக ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டுக்காக வந்தவர்கள், தாங்கள் காதலித்த காலத்துக்காக வந்தவர்கள், ரயிலுக்கு முன் சில மணி நேரம் நிழலில் உட்கார வந்தவர்கள் என்று அந்தக் கூட்டத்தில் எல்லோரும் இருந்திருப்பார்கள். படத்தின் தரத்தை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. என் விஷயத்திலும் அதுதான். ‘கரகாட்டக்காரன்’ 1989இல் வந்தபோது நான் வேலையில் சேர்ந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. இளையராஜாவின் பாட்டுக்கு ஊரே திரண்டு வந்தது. அந்த ஆண்டில்தான் எனக்குத் திருமணம். இன்றும் அந்தப் படம் எங்கே ஓடினாலும் நின்று பார்ப்பேன். அது நல்ல படமா, என் இருபத்தைந்து வயதா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் அப்பாவிடமும் இதில் கொஞ்சம் இருக்கலாம். இருந்தால் என்ன? அவர் பார்க்கும் படத்தில் பாலையா இருப்பதும் உண்மைதானே.

நேர்மாறான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2003 பொங்கலுக்கு ‘அன்பே சிவம்’ வந்தபோது எங்கள் அரங்கில் முன்வரிசை பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அன்றைக்கு அதைத் தோல்விப்படம் என்று பெட்டியைக் கட்டி அனுப்பினோம். பிறகு தொலைக்காட்சியில் மக்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துத் தங்கள் படமாக ஆக்கிக்கொண்டார்கள். விபத்தில் உருக்குலைந்த முகத்தோடு வரும் நல்லசிவத்தோடு மாதவனின் இளைஞன் ஊர் திரும்பும் பயணம், ஒரே மூச்சில் அரங்கில் பார்ப்பதைவிட வீட்டில் பல முறை பார்ப்பதற்கு ஏற்றதாக இருந்திருக்கலாம்.

இன்னொரு செய்தி, நடைமுறை சார்ந்தது. நாங்கள் ஓட்டிய பழைய படங்கள் முழுப் படங்களாக இருக்கவில்லை. பிலிம் அறுந்தால் இரண்டு முனையிலும் கொஞ்சம் வெட்டித்தான் ஒட்ட வேண்டும். பல ஊர் சுற்றி வந்த பிரதியில் ஒரு பார்வை, ஒரு வார்த்தை, சில சமயம் பாட்டின் ஒரு சரணமே போயிருக்கும். திரையில் மழை பெய்வதுபோலக் கோடுகள் வேறு. பிறகு, 1964இல் வந்த ‘கர்ணன்’ டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012இல் மறுபடி வந்தது. நான் வேலையை விட்ட ஆண்டு அது. கோடு இல்லாத சிவாஜியின் முகத்தை அன்று பெரிய திரையில் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகள் எவ்வளவு குறைவாக மக்களுக்குக் காட்டியிருக்கிறோம் என்று வருத்தப்பட்டேன். எனவே நீங்கள் பழைய படம் பார்ப்பதாக இருந்தால் முதலில் அதன் முழு நீளப் பிரதிதானா என்று பாருங்கள். தொலைக்காட்சிகள் விளம்பரத்துக்காக முதலில் வெட்டுவது, யாரும் பேசாத இடங்களைத்தான்.

2012க்குப் பிறகு வந்த படங்களை நான் மற்றவர்களைப் போல ஒரு முறை, இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அவற்றில் எது நூறு முறை தாங்கும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வழி எளிது. உங்களுக்குப் பிடித்த படத்தை ஒரு மாதம் கழித்து மறுபடி போடுங்கள். பத்து நிமிடம் ஒலியை முழுவதும் குறைத்துவிடுங்கள். பிறகு பத்து நிமிடம் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேளுங்கள். இரண்டிலும் எழுந்து போகத் தோன்றவில்லை என்றால் அந்தப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ‘காதலிக்க நேரமில்லை’யிலிருந்து தொடங்குங்கள். அப்பாவையும் கூட உட்கார வையுங்கள். பேய்க்கதை தொடங்கியதும் நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள்.